பேணுவாரற்ற பகுதிகளும் மொழியின் பொறுப்பும்

ஒரு மொழி எதனைத் தன்னோடு சுமந்து செல்லல் வேண்டும், எதனை இறக்கிவைத்தல் வேண்டும் என்னும் வினா தமிழறிஞருக்குப் புதியதன்று. பருத்தித்துறையை அடுத்த புலோலியிற் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை (1871–1907) தொகுத்த அகராதியில் வழக்கிழந்த சொற்களும் வழக்கிலுள்ள சொற்களும் அருகருகே நிற்கின்றன. முன்னவற்றை நீக்குக என எவரும் கோரார். ஆயின், கணினிமொழியொன்றில் இவ்வினாவுக்கு வேறு விடை கிடைத்துள்ளது.

பயன்பாட்டுப் பகுதிகள் பலவற்றைத் தன்னுடனேயே வழங்குதல் பைதன் மொழியின் நெடுநாட் பெருமை. அவற்றுட் பேணுவாரற்றுக் கிடந்தவற்றை அகற்றவேண்டுமென 2019இல் முன்மொழியப்பட்டது. 2022இல் அது ஏற்கப்பட்டது. அவ்வாண்டு வெளிவந்த 3.11ஆம் பதிப்பு எச்சரிக்கை விடுத்தது. 2024 ஒக்டோபரில் வெளிவந்த 3.13ஆம் பதிப்பில் 19 பகுதிகள் நீக்கப்பட்டன. டெல்நெட் இணைப்புக்குரியதும், பழைய செய்திக்குழுக்களுக்குரியதும், படக்கோப்பின் வகையை அறிவதற்குரியதும் அவற்றுட் சில.

நீக்கியோர் வாதம் வலிமையுடையது. அகராதியிலுள்ள வழக்கிழந்த சொல் எவருக்கும் ஊறு செய்யாது. நிரற்பகுதியோ இயங்குவது, அதன் வழு பாதுகாப்பைக் குலைக்கக்கூடும். திருத்துவார் இல்லாத பகுதியை உடன் வழங்குதல், இல்லாத உறுதியை இருப்பதாகக் காட்டுதலாகும். அகராதி உவமை இவ்விடத்துப் பொருந்தாது.

எனினும், இழப்பு யாரைச் சாருமென்பதும் நோக்கற்பாலது. இலங்கையின் உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடத்தில் பைதன் கற்பிக்கப்படுகின்றது. இணைய வசதி குன்றிய மாணவனுக்கு மொழியுடன் வருவதே கைக்கெட்டுவது. தனியே பெறவேண்டியது எட்டாப் பொருள். இக்குறையை முன்மொழிந்தோரும் அறியாதவரல்லர்.

குறைகாணவேண்டியது நீக்கிய செயலையன்று, அறிவித்த முறையையே. அவ்வெச்சரிக்கை இயல்புநிலையில் முதன்மை நிரலில் எழும்போது மட்டுமே திரையில் தோன்றும். அந்நிரல் துணைக்கொள்ளும் பிற கோப்புகளில் எழுந்தால் மறைந்தேவிடும். எனவே, பிறர் எழுதியதை வாங்கிப் பயன்படுத்தும் ஆசிரியரும் மாணவரும், நிரல் இயங்க மறுக்கும் நாளிலேயே செய்தியை அறிவர்.

நீக்கப்பட்டவற்றுட் சில தன்னார்வலர் கையிற் புதுவாழ்வு பெற்றுத் தனியே கிடைக்கின்றன. பேணுவார் இருப்பின் நிலைக்கும் என்பதற்கு இது சான்று. பேணுவார் இல்லாதவற்றை நீக்குதல் தகும். ஆயின் நீக்கம் பற்றிய அறிவிப்பு, கடைக்கோடிப் பயனாளரையும் நீக்கத்துக்கு முன்னரே சென்றடைதல் வேண்டும்.