எழுதிய பூவும் அச்சடித்த பூவும்: பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய உடையில் சீட்டித்துணி

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய மகளிரின் பாவாடைகளிலும் ஆடவரின் வீட்டங்கிகளிலும் இடம்பெற்ற பூப்பருத்தித் துணிகளை ஆடை வரலாறுகள் பலவும் ‘அச்சடித்த துணி’ என்னும் ஒரே பெயரால் சுட்டுகின்றன. இப்பெயர் இருவேறு தொழில்களை ஒன்றாக்கி, அவற்றுள் ஒன்றனுக்கு உரியோரின் அறிவை மறைத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சோழமண்டலக் கரையின் உயர்தரச் சீட்டி அச்சடிக்கப்பட்டதன்று, எழுதப்பட்டது. கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணியில், எழுதுகோலால் கருங்கோடுகளுக்கு இரும்புக் கரைசலையும் செந்நிற இடங்களுக்குப் படிகாரக் கரைசலையும் இட்டனர். பின்னர்ச் சாயவேர்க் கொதிநீரில் இட்டபோது, படிகாரம் பட்ட இடமே சிவப்பை நிலையாகப் பற்றியது. நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடித் துணியை அவுரிச் சாயத்தில் தோய்த்தனர். துவைத்தும் மங்காத இந்நிறங்களே ஐரோப்பியரை ஈர்த்தன.

உள்நாட்டுப் பட்டு, கம்பளித் தொழில்களைக் காக்கப் பிரான்சு 1686 முதல் 1759 வரை இத்துணிகளைத் தடைசெய்தது. இங்கிலாந்தும் 1721இல் தடைச்சட்டம் இயற்றியது. ஆயினும் தடைக்காலத்திலேயே செய்முறை தேடப்பட்டது. பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் போலியூ 1734இல் புதுச்சேரியில் ஒவ்வொரு படிநிலையையும் துணித்துண்டுடன் பதிவு செய்தார். இயேசு சபைத் துறவி கேர்தூ 1742இல் அதனை மடல்வழி விளக்கினார். தடை நீங்கியபின், 1760இல் ஒபெர்காம்ப் பாரிசுக்கு அருகே ழூயியில் தொடங்கிய பட்டறையில் மரக்கட்டையும், பின்னர்ச் செப்புத்தகடும் எழுதுகோலின் இடத்தைப் பெற்றன.

பூவடிவ மாதிரிகள் ஐரோப்பாவிலிருந்து வந்தமையால், சோழமண்டலத்தார் வெறும் படியெடுப்போரே என்று கருதுவாரும் உளர். மாதிரிகள் வந்தது உண்மையே. வாங்குவோர் விருப்பத்திற்கேற்ப வடிவங்கள் மாறியதும் உண்மையே. ஆனால் மாதிரித்தாள் உருவத்தை மட்டுமே தந்தது. அதனைப் பருத்தியில் நிலைபெறச் செய்யும் முறையைத் தரவில்லை. ஐரோப்பாவில் அச்சுப்பட்டறைகள் முன்னரே தோன்றியிருந்தும், போலியூ புதுச்சேரியில் தேடியது உருவத்தை அன்று, செய்முறையையே. படியெடுப்போரிடம் பாடம் கேட்கவேண்டிய தேவை யாருக்கும் எழுவதில்லை.

தமிழில் ‘எழுதுதல்’ என்னும் வினை எழுத்துக்கும் ஓவியத்துக்கும் பொதுவானது. ஆகவே அருங்காட்சியகப் பட்டியல்களைத் தமிழாக்குவோர் ‘அச்சு’ என்னும் சொல்லை ழூயித் துணிக்கு வைத்துக்கொண்டு, சோழமண்டலச் சீட்டியை ‘எழுதுதுகில்’ எனக் குறித்தல் தகும். எழுதியோரின் பெயர்களைத் துணிகள் தாங்கி வரவில்லை. அவர்தம் வினையின் பெயரையேனும் பிழையின்றி வழங்குதல் ஆய்வாளர் கடன்.