ஒரு கோல் போதும்

அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத கருவி, பார்ஷல் ஃப்ளூம். வாய்க்காலில் ஓடும் தண்ணீரை அளக்கப் பொருத்தும் திறந்த தடம், அவ்வளவுதான். சுவர்கள் நெருங்கி வரும். கழுத்தில் தரை சட்டென்று சரியும். பிறகு சுவர்கள் விரிய, தரை சற்றே மேலேறும்.

கழுத்தில் தண்ணீர் எடுக்கும் வேகத்தை மீறிக் கீழ்ப்பக்கத்துச் சலனம் எதுவும் மேலே ஏற முடியாது. அதனால் மேற்பக்கத்து அளவுகோலில் தெரியும் நீரின் உயரம் ஒன்றே நீர்வரத்தைச் சொல்லிவிடுகிறது. ஓரடி அகலக் கழுத்தென்றால், ஓரடி உயரத்துக்கு விநாடிக்கு 4 கன அடி. இரண்டடிக்கு 8 அல்ல, ஏறக்குறைய பதினொன்றரை!

தண்ணீர் உரிமைக்காக நீதிமன்றம் ஏறிப் பழகிய அமெரிக்காவின் கொலராடோவில், பாசனப் பொறியாளர் ரால்ஃப் பார்ஷல் 1920-களில் செப்பனிட்ட வடிவம் இது. அதற்குமுன் பலரும் நம்பியது குறுக்குத் தடுப்பை. அதன் பின்னால் வண்டல் தேங்கும். தேங்கினால் கணக்குப் பிசகும். இங்கோ வண்டல் தண்ணீரோடு தானே போய்விடும். எனக்குப் பிடித்தது அந்தச் சரிந்த தரைதான்; மேதைமை அங்கேதான் இருக்கிறது.

குறை உண்டு. இந்த ஓரடி அளவில், கீழ்நீர் மட்டம் மேல்மட்டத்தில் பத்தில் ஏழு பங்கைத் தாண்டினால் இரண்டாவது கோலையும் பார்த்தாக வேண்டும்.