மூடிக் கிடக்கும் சாலைகளுக்கு ஒரு கும்பிடு

ஆல்ப்ஸ் மலையைக் கோடையில் காரில் சுற்றியவர்கள் ஃபுர்கா, கிரிம்செல், ஸ்டெல்வியோ என்று கணவாய்களின் பெயர்களை அடுக்குவார்கள். எல்லாமே அருமையான சாலைகள். ஆனால் குழந்தைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு போவதென்றால் ஜனவரியில் போங்கள் என்றுதான் நான் அடித்துச் சொல்வேன். அந்தப் பெரிய கணவாய்களெல்லாம் அப்போது பனியில் மூடிக் கிடக்கும். அதுதான் விசேஷமே! திறந்திருக்கும் வழிகள் சிலவே என்பதால் பயணம் தானாகவே சுருங்கி, நிதானமாகி, அழகாகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு கணவாய், அதுவும் நல்ல வெளிச்சத்தில். மிச்ச நேரம் முழுக்க நம் வீட்டு மனிதர்களுக்கு.

எங்கள் வீடு மியூனிக்கில். நான், என் கணவர், பிள்ளைகள் இருவர், மாமியாராகிய அத்தை என எல்லோரும் சேர்ந்து போட்ட பாதை இது: ஃபெர்ன் கணவாய் வழியாக ஆஸ்திரியாவின் லாண்டெக், அங்கிருந்து 1507 மீட்டர் உயரத்து ரெஷன் கணவாய் ஏறி இத்தாலி, பிறகு ஓஃபன் கணவாய் தாண்டி சுவிட்சர்லாந்தின் எங்காடின் பள்ளத்தாக்கு. மூன்று கணவாய்களும் குளிர்காலத்திலும் திறந்தே இருக்கும். பெரும்பனி கொட்டினால் சில மணி நேரம் மூடுவார்கள். அதனால் காலையில் காப்பி குடித்துக்கொண்டே சாலை நிலவரத்தையும் டாவோஸ் ஆய்வு நிலையம் வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையையும் பார்ப்பது எங்கள் வீட்டுச் சடங்காகிவிட்டது. முந்தின மாலை ஐந்து மணிக்கே ஓர் அறிக்கை வந்துவிடும். என் மகன் அதை வாய்விட்டுப் படிப்பான், பாட்டி மறுநாளைக்கு யாருக்கு எத்தனை ஸ்வெட்டர் என்று முடிவுசெய்வார்.

காருக்கு வேண்டியதைக் கறாராகச் செய்துவிடுங்கள். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை சாலையில் பனியோ உறைபனியோ இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். டயர் பள்ளம் குறைந்தது 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமும் நடுவே பனிப்பூவும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பனிச்சங்கிலியை வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். கைவிரல் விறைக்கும் இடத்தில் பெட்டியைப் பிரித்துப் படிக்கவா முடியும்? கண்ணாடி கழுவும் நீர் உறையாத வகையாக இருக்கட்டும். நெடுஞ்சாலைக் கட்டண வில்லையை ஆஸ்திரியாவுக்குச் சில நாட்களுக்கென வாங்கலாம். சுவிஸ் வில்லை ஆண்டுக்கு ஒன்றுதான், 40 ஃபிராங்க். அவ்வளவுதான், இனி இன்பம்!

ரெஷன் ஏரியை எப்படிச் சொல்வேன்! 1950இல் மின்சாரத்துக்காக அணை கட்டியபோது கிராவுன் என்ற ஊர் நீருக்குள் போனது. எஞ்சியது 14ஆம் நூற்றாண்டுத் தேவாலயக் கோபுரம் ஒன்றுதான். கோடையில் அது தண்ணீருக்கு நடுவே நிற்கும். கரையிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கடுங்குளிரில் ஏரி நன்றாக உறைந்தால் பனிக்கட்டியின் மேல் நடந்தே கோபுரத்தடிக்குப் போய்விடலாம். அனுமதித்திருக்கிறார்களா என்று மட்டும் ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். மணிகளை முன்பே இறக்கிவிட்டார்கள், ஆனாலும் குளிர்கால இரவுகளில் மணியோசை கேட்கும் என்று அந்தப் பக்கத்து மக்கள் கதை சொல்கிறார்கள். என் மகள் கையுறையைக் கழற்றி அந்தக் கல்லைத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அத்தை அவள் பக்கத்திலேயே நின்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஓஃபன் கணவாயின் சாலை 1914இல் அமைந்த சுவிஸ் தேசியப் பூங்காவுக்குள்ளேயே போகிறது. குளிர்காலத்தில் பூங்காவின் நடைபாதைகளை மூடிவிடுவார்கள், காடு முழுக்க மான்களுக்கு. காரை மெதுவாக ஓட்டுங்கள், பேசாமல் பாருங்கள்.

இனி பெர்கூன் என்ற ஊர். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். அல்புலா கணவாய்ச் சாலை குளிர்காலத்தில் கார்களுக்குக் கிடையாது. அந்தச் சாலையையே பிரேடாவிலிருந்து பெர்கூன் வரை 6 கிலோமீட்டருக்கு சறுக்குவண்டிப் பாதையாக்கிவிடுகிறார்கள்! எங்காடினில் உள்ள சமேடனில் காரை நிறுத்திவிட்டுச் சிவப்பு ரயிலில் ஏறினால், அல்புலா சுரங்கத்துக்குள் புகுந்து மறுபக்கம் பிரேடாவில் இறங்கலாம். அங்கிருந்து மரத்தாலான சறுக்குவண்டியில் உட்கார்ந்து, குதிகாலால் பிரேக் போட்டுக்கொண்டு, ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் கீழே வழுக்கிக்கொண்டே போகலாம். வளைவுக்கு வளைவு தலைக்கு மேலே ரயில் பாலங்கள். முகமெல்லாம் பனித்தூள், வயிறு வலிக்கச் சிரிப்பு. கீழே வந்ததும் “இன்னொருக்கா, அம்மா, ப்ளீஸ்!” திரும்ப மேலே கொண்டுபோக அதே ரயில் இருக்கிறது. எத்தனையோ தீம் பார்க்குகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருக்கிறேன். இதன் கால்தூசிக்கு எதுவும் வராது.

சறுக்கப் பிடிக்காத பெரியவர்களுக்கு பெர்னினா ரயில் இருக்கிறது. 1910இல் முழுமையான பாதை. பல்சக்கரத்தின் உதவியே இல்லாமல் 2253 மீட்டர் உயரம் வரை ஏறி, பனிப்பாறைகளைக் காட்டிவிட்டு போஸ்கியாவோ பள்ளத்தாக்கில் இறங்கும். அங்கே பிட்சோக்கெரி கேளுங்கள். மரக்கோதுமை நாடாவும் உருளைக்கிழங்கும் கோஸும் பாலாடைக்கட்டியும் பூண்டு தாளித்த வெண்ணெயில் புரண்டு, ஆவி பறக்க வரும். சைவம் மட்டுமே சாப்பிடும் அத்தை தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

கிளம்புவதற்கு முன் பிள்ளைகளுக்கு 1945இல் வந்த ‘ஷெல்லன் உர்ஸ்லி’ என்ற படக்கதையைக் காட்டுங்கள். பெரிய மணியைத் தேடித் தனியாகப் பனியில் மலையேறும் சிறுவனின் கதை அது. அந்தக் கதையின் ஊருக்கு முன்மாதிரி எங்காடினில் இருக்கும் குவார்டா. சுண்ணச் சுவரைச் சுரண்டிக் கோலம்போல் வரைந்த வீடுகள் அப்படியே நிற்கின்றன. என் மகன் ஒவ்வொரு வாசலாக நின்று உர்ஸ்லியின் வீட்டைத் தேடினான்.

குவார்டாவுக்குப் பக்கத்திலேயே சாக்லியான்ஸ். அங்கிருந்து வடக்கே போகும் ஃப்ளூவெலா கணவாய் குளிர்காலத்தில் மூடியிருக்கும் என்பதால், காரையே ரயிலில் ஏற்றி 19 கிலோமீட்டர் வெரைனா சுரங்கத்தின் வழியாக க்ளோஸ்டர்ஸுக்கு அனுப்புகிறார்கள். 1999இல் திறந்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, காருக்குள்ளேயே சுமார் 18 நிமிடம் உட்கார்ந்திருக்கலாம். ஓட்டிக் களைத்த என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு முறுக்கு கொறிக்க, நாங்கள் இருட்டில் அந்தாக்ஷரி பாடினோம்.

அடுத்த குளிர்காலத்துக்கு லோட்ஷ்பெர்க் கார் ரயிலில் ஏறி வாலிஸ் போய், சிம்ப்ளான் கணவாயைத் தாண்டப் போகிறோம். நீங்களும் பிப்ரவரிப் பள்ளி விடுமுறைக் கூட்டத்துக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். விடுதிகளில் ஆள் மாறும் சனிக்கிழமையன்று மட்டும் சாலையில் இருக்காதீர்கள். பெர்கூனில் இரண்டு இரவுக்குக் குறையாமல் அறை போடுங்கள்.