வேகத்துக்குள் ஓர் அடவு

சறுக்கில் கலை எங்கே இருக்கிறது என்று கேட்டால், பனித்தரையில் இசைக்கு ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கைத்தான் பெரும்பாலோர் காட்டுவார்கள். அதற்கு நியாயமும் உண்டு. சீனாவின் சென் லூ 1995-ல் உலகச் சாம்பியன் ஆனார். 1997-ல் அதே உலகப் போட்டியில் 25-ம் இடத்துக்குச் சரிந்தார். மறு ஆண்டு நாகானோ ஒலிம்பிக்கில், 'பட்டாம்பூச்சிக் காதலர்கள்' என்ற சீன வயலின் இசைக்கு ஆடி வெண்கலத்தோடு மீண்டார். அந்த ஆட்டத்தைக் கலை என்று சொல்ல யாரும் தயங்குவதில்லை. ஆனால் சக்கரக் காலணியில் பந்தயம் ஓடுபவரைப் பார்த்து அப்படிச் சொல்லத் தயங்குகிறோம். யார் முந்தினார், எத்தனை விநாடி என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறோம். இந்தத் தயக்கம் தேவையற்றது என்பதே என் வாதம். அதற்கு நம் தமிழ்நாட்டு ஆனந்த்குமார் வேல்குமாரின் பந்தயங்களே சான்று.

அவர் ஓடிய இரண்டு பந்தயங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்டில் செங்டு நகரில் நடந்த உலக விளையாட்டுகளில் 1,000 மீட்டரை 1 நிமிடம் 22.482 விநாடியில் முடித்தார், கிடைத்தது வெண்கலம். அடுத்த மாதம் அதே சீனாவின் பெய்தாய்ஹே என்ற கடற்கரை ஊரில் உலகச் சாம்பியன்ஷிப். அதே 1,000 மீட்டருக்கு இம்முறை 1 நிமிடம் 24.924 விநாடி. ஏறக்குறைய இரண்டரை விநாடி தாமதம், கிடைத்ததோ தங்கம். சறுக்குப் பந்தயத்தில் இந்தியர் ஒருவர் சீனியர் உலகச் சாம்பியன் ஆனது அதுவே முதல்முறை. கடிகாரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு விளங்காது. இது தனித்தனியாக ஓடி நேரம் பார்க்கும் பந்தயம் இல்லை. கூட்டமாக ஓடி முதலில் கோட்டைத் தொடும் பந்தயம். முன்னால் ஓடுபவர் காற்றின் தடையை முழுக்கத் தன் மார்பில் வாங்குகிறார். பின்னால் ஒட்டி வருபவர் அந்த நிழலில் பலத்தை மிச்சம் பிடிக்கிறார். எப்போது ஒதுங்கிக் கிடப்பது, எந்த வளைவில் வெளியேறி முந்துவது என்ற முடிவை, சக்கரங்கள் ஒன்றையொன்று உரசும் நெருக்கத்தில், ஒரு நொடிக்குள் எடுக்க வேண்டும்.

நான் ரசிக்கச் சொல்வது இந்தத் தந்திரத்தைக் காட்டிலும் காலைத்தான். உலகத் தரத்தில் இன்று ஓடுபவர்கள் கையாளும் முறைக்கு 'டபுள் புஷ்' என்று பெயர். 1990-களில் அமெரிக்காவின் சாட் ஹெட்ரிக் இதைப் பரவலாக்கினார். அவரே பின்னால் பனிக்கு மாறி 2006 டூரின் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் தங்கமும் வென்றார். பழைய முறையில் கால் தரையில் பதியும், சற்று நேரம் சும்மா உருளும், பிறகு வெளிப்பக்கம் தள்ளும். டபுள் புஷ்ஷில் அந்தச் சும்மா உருளும் நேரமே கிடையாது. பதிந்த கால் முதலில் சக்கரத்தின் வெளிவிளிம்பில் சாய்ந்து உடலுக்குக் கீழே உள்நோக்கி இழுக்கிறது; அங்கிருந்து உள்விளிம்புக்குப் புரண்டு வெளியே தள்ளுகிறது. ஒரே அடியில் இரண்டு உந்தல். ஒவ்வொரு காலும் தரையில் ஒரு நெளிகோடு வரைகிறது. இடுப்பும் தோளும் மட்டும் உயராமல் தாழாமல் ஒரே மட்டத்தில் மிதந்து போகின்றன. வளைவு வந்ததும் வலது கால் இடது காலைத் தாண்டி முன்னே விழுகிறது. அடியில் மாட்டிய இடது காலும் ஓய்வதில்லை, வெளிவிளிம்பால் குறுக்கே தள்ளிவிட்டுத்தான் தரையை விடுகிறது. உடல் முழுவதும் உள்பக்கம் சாய்ந்திருக்கும் நேரம் அது. ஒரு விரற்கடை கணக்குத் தப்பினாலும் ஆள் பாதைக்கு வெளியே கிடப்பார்.

இதெல்லாம் உடல் பலம்தானே, இதில் கலை எங்கே என்று கேட்கலாம். பதில் பெய்தாய்ஹேயிலேயே இருக்கிறது. அங்கே 500 மீட்டரில் வெண்கலமும் 1,000 மீட்டரில் தங்கமும் வென்ற அதே ஆள், 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் வென்றார். முக்கால் நிமிடத்துக்குள் முடிகிற பந்தயமும் ஒரு மணி நேரத்தை ஒட்டி நீளும் பந்தயமும் கேட்கிற தசைபலம் வேறு வேறு. தரையில் நூறு மீட்டர் ஓடுபவர் மாரத்தானில் நின்றதாக நாம் கேட்டதில்லை. சக்கரத்தில் அது நடக்கிறதென்றால், இரண்டுக்கும் பொதுவாக அந்த உடலில் இருப்பது ஒன்றே: வீணாகாத அசைவு. ஒரு தள்ளலில் கிடைத்த வேகத்தை அடுத்த தள்ளல்வரை சிந்தாமல் கொண்டுபோகும் சிக்கனம். 2021-ல் கொலம்பியாவின் இபாகேயில், ஜூனியர் 15 கிலோமீட்டர் எலிமினேஷனில் அவர் வெள்ளி வென்றபோதே இதன் தடயம் இருந்தது. இடையிடையே கடைசியில் வருபவர்களைக் கழித்துக்கொண்டே போகும் பந்தயம் அது. மிச்சம் பிடிக்கத் தெரியாதவர் நிலைக்க முடியாது. 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் 3,000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. சென் லூவின் ஆட்டத்தில் பாவம் இருந்தது, கதை இருந்தது. பந்தயத்தில் எல்லைக்கோட்டைத் தவிர என்ன இருக்கிறது என்பது. கதை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலையை நாம் கதைக்காக மட்டும் பார்ப்பதில்லை. தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்ப்பவர்களுக்கு இது தெரியும். கர்ணன் கதை அவர்களுக்குப் புதிதில்லை, முடிவும் தெரியும். மரக்கட்டை அணிகள் பூண்டு கட்டை வேடம் தாங்கியவர் அத்தனை பாரத்தோடு சுழன்று, தாளம் தப்பாமல் காலைப் பதித்து நிற்கும் இடத்துக்காகத்தான் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அடவைப் பார்க்கப் பழகிய கண்ணுக்குப் பந்தயச் சறுக்கின் கால்வேலை அந்நியமாக இருக்காது. அதோடு, நாகானோவில் சென் லூவும் போட்டியாளர்தான். நடுவர்களின் மதிப்பெண்ணுக்கும் கட்டாயத் தாவல்களுக்கும் கட்டுப்பட்டே ஆடினார். போட்டி அவருடைய கலையைக் கெடுக்கவில்லை என்றால் ஆனந்த்குமாருக்கு மட்டும் வேறு நீதி ஏன்?

தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: இந்தக் கலை நம் கண்ணில் படுவதில்லை. நல்ல காலணியின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. வளைவுகளில் சரிவாக எழும்பும் 200 மீட்டர் பாதை இல்லாமல் அந்தச் சாய்வைப் பழகவும் முடியாது. தமிழ்நாட்டில் உருவான ஒருவர் உலகத்தை வென்று காட்டிய பிறகும் இது பெருநகரப் பிள்ளைகளின் விளையாட்டாகவே நின்றுவிடக் கூடாது. தருமபுரி போன்ற மாவட்டத் தலைநகரங்களின் விளையாட்டு அரங்குகளிலும் அப்படி ஒரு பாதை போட்டு, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இரவல் காலணியில் பழக அரசு வழி செய்ய வேண்டும்.