சினை ஊசியில் சுருங்கும் காளைகள்

கலசப்பாக்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மாடு சினைக்கு வந்து கத்தினால் காளையைத் தேடி ஓட்டிப் போகிறவர்கள் இன்று அரிது. போன் செய்தால் ஊசி போடுகிறவர் பைக்கில் வந்துவிடுவார். அவர் கொண்டுவரும் கேனில் மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். அதிலிருந்து, காளை விந்து அடைத்த கால் மில்லி பிடிக்கும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போட்டு, துடைத்து, நுனியை வெட்டுவார். குழாயின் மேல் பொடி எழுத்தில் ஒரு காளையின் எண் அச்சாகியிருக்கும். வேலை முடிந்ததும் அந்த எண் குழாயோடு குப்பைக்குப் போகிறது. சினை ஊசி என்னும் முறையின் பெரிய பலவீனம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பலத்தை மறுப்பது நியாயமில்லை. நாட்டு மாடு கொடுத்ததைவிடப் பல மடங்கு பால் இதனால்தான் சொசைட்டிக்கு வருகிறது. நிலமில்லாத வீடுகளும் பால் பணத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. ஒரே காளை ஊரெல்லாம் சுற்றியபோது மாட்டுக்கு மாடு தொற்றிய இனப்பெருக்க நோய்கள் குறைந்தன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோயில் காளையை நினைத்து ஏங்குகிறவர்கள், அது பல ஆண்டுகள் ஒரே ஊரில் இருந்து தன் மகள்களையும் பேத்திகளையுமே சினையாக்கியதை மறந்துவிடுகிறார்கள்.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு மாட்டினம் பற்றிய பேச்சு 'நாட்டு மாடா, கலப்பினமா' என்ற சண்டையாகவே நின்றுவிட்டது. நோய் எதிர்ப்பு மரபணுக்களின் பக்கமிருந்து பார்த்தால் இரு தரப்பும் கேள்வியைத் தவறாகப் பிடித்திருப்பது தெரியும்.

உடம்புக்குள் கிருமி நுழைந்தால் அதன் துண்டுகளைப் பிடித்து வெள்ளையணுக்களுக்குக் காட்டும் புரதங்களை உண்டாக்குபவை எம்.எச்.சி. மரபணுக்கள். தாடையுள்ள முதுகெலும்பு விலங்குகளில், சுறா முதல் மனிதன் வரை, இவை உண்டு. மற்ற பெரும்பாலான மரபணுக்களில் சில வடிவங்களே புழங்கும்போது, மாட்டின் டி.ஆர்.பி.3 என்ற ஒரே மரபணுவில் 300-க்கும் மேற்பட்ட வடிவங்கள் பதிவாகியுள்ளன. ஒரு கிருமியைப் பிடிக்காத வடிவம் இன்னொன்றைப் பிடிக்கும். அதனால் பரிணாமம் எதையும் சீக்கிரம் கழித்துக் கட்டுவதில்லை. மனிதனும் சிம்பன்சியும் பிரிந்து அறுபது லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகியும் இரண்டுக்கும் பொதுவான பழைய கிளைகள் இன்னும் இருக்கின்றன. விதிவிலக்கும் உண்டு: அட்லாண்டிக் காட் மீன் இந்த ஏற்பாட்டில் ஒரு பாதியையே தொலைத்துவிட்டு நன்றாகத்தான் நீந்துகிறது என்று 2011-ல் தெரிந்தது.

நம் திமில் மாடும் ஐரோப்பிய மாடும் பிரிந்து சில லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. வெவ்வேறு உண்ணி, வெவ்வேறு காய்ச்சல். உண்ணி பரப்பும் தைலேரியா நோயைச் சோதனைக்காகக் கொடுத்தபோது திமில் இனமான சாகிவால் கன்றுகள் தேறின, ஐரோப்பிய இனமான ஹோல்ஸ்டீன் கன்றுகள் கடுமையாக வீழ்ந்தன என்று 2005-ல் ஓர் ஆய்வு காட்டியது. நாட்டு மாட்டுக்காரர்கள் மகிழலாம். ஆனால் இரண்டையும் கலந்த முதல் தலைமுறைக் கிடேரியின் உடம்பில் தாய் வழியும் தந்தை வழியுமாக இரண்டு உலகத்து வடிவங்கள் இருக்கின்றன. அதன் பன்மை, தூய இனத் தாயைவிடவும் தந்தையைவிடவும் பெரும்பாலும் அதிகம். கலப்பு தன்னளவில் குற்றவாளியல்ல. அந்தக் கிடேரிக்கும் அதன் மகளுக்கும் மீண்டும் மீண்டும் அதே சில காளைகளின் குழாயைப் போடும்போதுதான் கதை மாறுகிறது.

சமவெளிக்கு நம் அரசு தேர்ந்த ஜெர்சி, ஆங்கிலக் கால்வாயிலுள்ள சிறு தீவின் மாடு. 1789-லிருந்து 2008 வரை வெளி மாடு எதையும் அந்தத் தீவு அனுமதிக்கவில்லை. இரண்டு நூற்றாண்டுகள் அடைத்து வைத்த கூட்டம் அது. அந்த இனத்திலிருந்தும் சில காளைகளே உறைவிந்து நிலையங்களுக்கு வருகின்றன.

சில காளைகள் என்றால் என்ன நடக்கும் என்பதற்கு ஹோல்ஸ்டீனே சாட்சி. அமெரிக்காவில் 1952-ல் பிறந்த ஆஸ்பர்ன்டேல் ஐவன்ஹோ என்ற காளை பால் வளத்தில் பெயர்பெற்றது. அதன் மகன்களும் பேரன்களும் ஊசி வழியே உலகம் சுற்றின. அவற்றில் பலவற்றின் மரபணு ஒன்றில் ஓர் எழுத்துப் பிழை. வெள்ளையணு இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டி வெளியேற உதவும் புரதம் அதனால் கெட்டது. தாய், தந்தை இருவழியிலும் அந்தப் பிழையைப் பெற்ற கன்றின் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் குவிந்து கிடக்கும், புண்ணுக்குப் போய்ச் சேராது. வாய்ப்புண், நிமோனியா, ஆறாத காயம் என்று இளமையிலேயே மடியும். 1992-ல் பிழை கண்டுபிடிக்கப்பட்டபோது அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளைகளில் ஏறத்தாழ 14 சதவீதம் அதைச் சுமந்தன. இந்தியாவிலும் சுமப்பவை தென்பட்டன. அப்படிப்பட்ட காளையை நிலையத்தில் சேர்க்கக் கூடாது என்பது இப்போது மத்திய அரசின் விதி. நல்ல விதிதான், ஆனால் அது பழுதுள்ள மரபணுவைத் தேடும் சோதனை. எத்தனை விதமான நல்ல வடிவங்கள் காளைகளிடையே இருக்கின்றன என்ற கேள்வி அதில் வராது.

மாற்று வாதம் ஒன்று உண்டு, வலுவானது. இங்கிலாந்தின் சில்லிங்ஹாம் காட்டு மாடுகள் முந்நூறு ஆண்டுகளாகத் தமக்குள்ளேயே இனம் பெருக்குகின்றன. 1947-ன் பனிக்காலத்துக்குப் பின் 13 மட்டுமே மிஞ்சின. இன்றும் அவை இருக்கின்றன. பன்மை குறைந்தால் அழிவு உறுதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அந்த மாடுகள் பிற கால்நடைகளோடு சேராமல் மதில் சூழ்ந்த பூங்காவில் வாழ்பவை. நம் மாடு சந்தைக்குப் போகிறது, லாரியில் ஏறுகிறது. 2019-ல் ஒடிசாவில் தலைகாட்டிய தோல் கழலை நோய் மூன்றே ஆண்டில் ராஜஸ்தானில் மாடுகளைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது.

தூய நாட்டினம் பேசுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். ஆலம்பாடி போல எண்ணிக்கை சுருங்கிய இனத்தை 'அசல் லட்சணம்' பார்த்து நான்கைந்து பொலிகாளைகளுக்குள் அடைத்தால் அதுவும் ஒரு ஜெர்சித் தீவு. கால்நடைத் துறை தரும் பாலினம் பிரித்த விந்தும் காளைகளின் இந்த வட்டத்தை மேலும் இறுக்கும்: கிடேரி மட்டும் வேண்டும் என்றால், பிரித்தெடுக்கும் செலவுக்குத் தகுந்த சில உயர்ந்த காளைகளே அங்கே நிற்கும்.

செய்யக்கூடியது பெரிய செலவில்லாத வேலைதான். மாட்டின் காதில் மஞ்சள் வில்லை இருக்கிறது, பன்னிரண்டு இலக்க எண் இருக்கிறது, அரசுப் பதிவேட்டில் ஊசி விவரம் ஏறவும் வழி இருக்கிறது. குழாயின் எண் அந்தப் பதிவில் ஒழுங்காக ஏறினால், மகளுக்குத் தந்தையின் ஊசி போகாமல் செல்போனே தடுத்துவிடும். ஓர் ஒன்றியத்துக்கு ஒரே காளையின் குழாய்கள் எத்தனை ஆண்டு போகின்றன என்று பால் சங்கமே கேட்கலாம். ஜமுனாமரத்தூர் பக்கம் மலையில் மேயும் சின்ன உடம்பு நாட்டு மாடுகளுக்கு ஜெர்சிக் குழாயை ஏற்றி அனுப்புமுன், அவற்றில் டி.ஆர்.பி.3 வடிவங்கள் எத்தனை என்று இரத்தம் எடுத்துப் பார்க்கலாம். கீழே கலசப்பாக்கத்துக் கலப்பின மாட்டுக்கு அடுத்த காளை அந்த மலையிலிருந்தே வந்தாலும் வரலாம். பால் கொஞ்சம் குறையும் என்பதை மாட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.