கோபாலன் தோற்ற வழக்கு

“ஏங் கண்ணு, கேஸு எப்ப நடக்கும்?”

சேலம் மத்தியச் சிறை வாசலில் மனு போட்டுக் காத்திருந்தபோது என் நண்பனின் அம்மா கேட்டார். ராசிபுரம் பக்கத்துக்காரர். வக்கீல் சொன்னதையே நானும் சொன்னேன்: “அடிதடி கேஸ் தனிங்கம்மா. இது குண்டாஸ். இதுக்கு விசாரணைன்னு ஒண்ணு கிடையாது.” அவர் நம்பவில்லை. ஜெயிலில் போட்டால் கேஸ் நடக்கும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த நியாயம்.

அந்த நியாயத்தைத் தேடித்தான் ‘ஏ.கே.கோபாலன் எதிர் சென்னை மாநிலம்’ தீர்ப்பைப் படிக்க ஆரம்பித்தேன். உச்ச நீதிமன்றம் 1950 மே 19 அன்று சொன்ன தீர்ப்பு. அதற்கு மூன்று மாதம் முன்பு, பிப்ரவரி 11 அன்று, சேலம் சிறைக்குள் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். அரசியலமைப்பு அமலுக்கு வந்து அப்போது பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. சேலம் அந்த வழக்கின் கேள்வி அல்ல. ஆனால் அதே கட்சியின் தலைவர், அதே மாநில அரசின் காவலில் 1947 டிசம்பரிலிருந்து இருந்தவர், விசாரணையில்லாமல் அடைத்துவைக்கும் சட்டம் செல்லுமா என்று கேட்டார். செல்லும் என்றார்கள் ஆறில் நாலு நீதிபதிகள். காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்ற பிரிவு மட்டும் அடிபட்டது.

பெரும்பான்மையின் வாசிப்பு முறை எனக்குப் பழக்கமானது. கோடு கம்பைல் ஆகிறதா என்று பார்த்துவிட்டு, அது என்ன செய்கிறது என்று பார்க்காமல் அனுப்பிவிடுவது. பிரிவு 21 ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்கிறது, நாடாளுமன்றம் ஒரு நடைமுறையை வகுத்திருக்கிறது, முடிந்தது. பிரிவு 19 தனி, 21 தனி, 22 தனி. நீதிபதி பசல் அலி மட்டும் உரிமைகளின் அத்தியாயத்தை ஒரே பிரதியாக வாசித்தார். ஒரு பிரிவு இன்னொன்றின் மேல் படியும் என்றார்.

பெரும்பான்மையை முட்டாள்கள் என்று தள்ளிவிட முடியாது. அரசியல் நிர்ணய சபை, அமெரிக்கப் பாணிச் சொற்றொடரைத் தெரிந்தேதான் கைவிட்டது. ஆசிரியரின் நோக்கத்தை மதிக்கிற வாசகர்கள் அவர்கள். 1978இல் மேனகா காந்தி வழக்கு அந்த ஆசிரியரை ஓரமாக உட்கார வைத்தது: நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றது. விசாரணைக் கைதிகளுக்கு விரைவான விசாரணை உரிமை (ஹுசைனாரா காத்தூன், 1979), சம்மதமில்லாமல் நார்கோ சோதனை கூடாது என்பது (செல்வி, 2010) எல்லாம் இந்த வாசிப்பின் பிள்ளைகள். கோபாலன் தோற்றார், அவர் வாதம் ஜெயித்தது என்று கதையை இங்கே முடிப்பது வழக்கம்.

எனக்கு அங்கேதான் இடிக்கிறது. வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையையும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தப்படும் உரிமையையும் தருகிற பிரிவு 22, தன் மூன்றாம் உட்பிரிவில் தடுப்புக்காவலில் இருப்பவர்களுக்கு இரண்டையும் எடுத்துவிடுகிறது. இது வாசிப்புப் பிழை அல்ல, மூலத்திலேயே எழுதியிருப்பது. எத்தனை பெருந்தன்மையான வாசகர் வந்தாலும் அந்த வரி அங்கேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுக் குண்டர் சட்டம் அந்த வரியின் மேல்தான் நிற்கிறது. கலெக்டர் உத்தரவு போட்டால் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். ஆலோசனைக் குழுமத்தின் முன் வக்கீல் வர முடியாது.

நண்பன் ஐந்து மாதத்தில் வந்துவிட்டான். ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. காரணம், அவனுக்குக் கொடுத்த கட்டில் ஒரு பக்கம் படிக்க முடியாத ஜெராக்ஸ். அவன் தப்பு செய்தானா என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது அந்த வழக்கின் வேலையும் இல்லை. கோபாலனைக் கைவிட்ட அதே ‘நடைமுறை’தான் இவனைக் காப்பாற்றியது. மகிழ்ச்சிதான். ஆனால் மங்கலான ஜெராக்ஸை நம்பி இருப்பதற்குப் பெயர் உரிமையா?

ஜாமீனும் கிடைத்து அவன் வீட்டுக்கு வந்த அன்று அம்மா மறுபடி கேட்டார்: “அப்ப கேஸு ஜெயிச்சுட்டமா?”

பசல் அலியின் தீர்ப்பில் அவருக்குப் பதில் இருக்கிறதா என்று இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். அவர் தேடியதும் இதைத்தான்: யாராவது ஒருவர், நேரில் உட்கார்ந்து, அந்தப் பையன் சொல்வதைக் கேட்பது.