ஆட்சிமுறையும் பன்மைச் சமூக வாழ்வும்: ‘நாயகன்’, ‘காலா’ காட்டும் தாராவி

முன்னுரை

பல மொழியும் பல சமயமும் கொண்ட மக்கள் ஓரிடத்தில் கூடிவாழ எவ்வகை ஆட்சிமுறை உகந்தது என்பது அரசியல் கோட்பாட்டாளரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்படும் வினா ஆகும். பர்மாவையும் ஜாவாவையும் ஆராய்ந்த ஃபர்னிவால், குடியேற்ற ஆட்சியில் இனங்கள் சந்தையில் மட்டும் கலந்து, வாழ்வில் ஒட்டாது நிற்பதைப் ‘பன்மைச் சமூகம்’ எனச் சுட்டினார். மக்களாட்சியிலும் சிறுபான்மையர்க்குக் குழு உரிமைகள் தேவை என்பது கிம்லிக்காவின் வாதம். மும்பைத் தமிழரை மையமாகக் கொண்ட மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987), பா. இரஞ்சித்தின் ‘காலா’ (2018) ஆகிய இரு திரைப்படங்களும் இவ்வினாவுக்குத் தரும் விடைகளை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்சிமுறையின் பெயரும் வாழ்வின் நிலையும்

ஆட்சிமுறையின் பெயர் மட்டும் இவ்வினாவுக்கு விடையாவதில்லை. வாக்குரிமை வேரூன்றியிருந்த இலங்கையில்தான் 1956-இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்னும் சட்டம் நிறைவேறியது. 1959 முதல் ஒரே கட்சி ஆண்டுவரும் சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆயினும் அங்கு 1989 முதல் அரசு அடுக்ககங்களில் இனவாரி விகிதம் வரையறுக்கப்பட்டுள்ளது. கலந்து வாழ்தல் அங்கு அரசின் ஏற்பாடு. அண்டை வீட்டாரை மக்கள் தாமே தேர்ந்துகொள்வதற்கு எல்லை உண்டு.

மும்பையோ ஒரே ஆட்சிக்குள் இருவேறு நிலைகளைக் காட்டுகிறது. 1898-இல் தோன்றிய பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை தாதர், மாதுங்காப் பகுதிகளை மனைகளாக வகுத்தது. அங்கெழுந்த அடுக்ககங்களில் எழுத்தர் பணிக்கு வந்த தென்னிந்தியர் குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விக் கழகமும், 1952-இல் சண்முகானந்த சபையும் உருவாயின. பின்னர்ச் செம்பூரிலும் இசை, நாட்டிய அவைகள் வளர்ந்தன. அதே ஆட்சிக் காலத்தில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோர் தாராவியின் சதுப்பு நிலத்தைத் தாமே மேடாக்கிக் குடியேறினர். கோலி மீனவர், குஜராத்திக் குயவர், வடநாட்டு முஸ்லிம்கள் ஆகியோருடன் அவர்கள் வாழ்ந்தனர். 1887-இல் தொடங்கிய பெரிய பள்ளிவாசலும் 1913-இல் எழுந்த விநாயகர் கோயிலும் அவ்வாழ்வின் பழஞ்சான்றுகள். மாதுங்காத் தமிழர்க்கு நிலத்தின்மீது சட்டப் பிடிமானம் இருந்தது. தாராவித் தமிழர்க்கு இல்லை. இரு படங்களும் இந்த இன்மையிலிருந்தே கதையைத் தொடங்குகின்றன.

‘நாயகன்’: கொடையாகக் கிடைக்கும் இருப்பு

தூத்துக்குடியிலிருந்து தப்பிவரும் சிறுவன் வேலுவை வளர்ப்பவர் ஒரு முஸ்லிம். அவ்வகையில் சமய நல்லிணக்கம் படத்தின் அடித்தளத்திலேயே அமைந்துள்ளது. ஆயினும் அது ஒரு குடும்பத்தின் அன்பாகவே நின்றுவிடுகிறது. அண்டை வாழ்வின் நியதியாக வளரவில்லை. குடிசைகளை அகற்ற முனையும் முதலாளியின் வீட்டுக்குள் வேலு தன் ஆட்களுடன் புகுந்து பொருள்களை நொறுக்குகிறான். முதலாளி பின்வாங்குகிறார், குடிசைகள் பிழைக்கின்றன. இங்குக் குடியிருப்போர் பெறுவது உரிமை அன்று, தலைவனின் கொடை. அவன் வீழ்ந்தால் அதுவும் வீழும். அரசு காவலர் வடிவில் மட்டுமே அவர்களிடம் வருகிறது.

இப்படத்துக்கு ஈராண்டு முன்னர் நிகழ்ந்த ஒன்று இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1981-இல் நடைபாதைவாசிகளை அகற்றிச் சொந்த ஊர்களுக்கு அனுப்ப மகாராட்டிர அரசு முனைந்தது. அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றோருள் ஒருவர் சேலத்திலிருந்து 1961-இல் பம்பாய் வந்த நிலமற்ற கூலித் தொழிலாளி. ஓல்கா டெல்லிஸ் வழக்கு எனப்படும் அதில், வாழ்வுரிமைக்குள் பிழைப்புரிமையும் அடங்கும் என 1985-இல் தீர்ப்பாயிற்று. முறைப்படி அகற்றுவதை அத்தீர்ப்பு தடுக்கவில்லை என்பதும் உண்மையே. ஆயினும், வேலுவைப் போலவே நிலமோ செல்வமோ இன்றி வந்த ஒரு தமிழர் அரசமைப்பின் மொழியில் பேசமுடிந்தது. ‘நாயகன்’ காட்டும் நகரத்தில் இவ்வழிக்கு இடமே இல்லை. நீதிமன்றம் அங்கு வேலு விடுதலை பெறும் இடமாக மட்டுமே வருகிறது.

‘காலா’: உரிமையாகக் கோரப்படும் நிலம்

‘காலா’ இக்குறையை அறிந்தே உருவான படம் எனலாம். திருநெல்வேலியை மூலமாகக் கொண்ட கரிகாலன் நிலத்தைத் தன் கொடையாக வழங்குவதில்லை. மக்களின் உரிமையாகக் கோருகிறான். தூய்மையின் பெயரால் குடியிருப்பை அகற்ற முனையும் அரசியல்வாதிக்கு எதிராக, தாராவியின் உழைப்பு நின்றால் நகரமே நிற்கும் என்பதைப் பொது வேலைநிறுத்தம் உணர்த்துகிறது. தாராவியினர் சந்தையில் மட்டும் சந்திப்பவர் அல்லர். ஒரே நிலத்தைக் காப்பவர். ஃபர்னிவாலின் கருத்துக்கு இக்காட்சி வலுவான மறுப்பாகிறது. எதிரி சமயக் கலவரத்தைத் தூண்டுவதும் இதனாலேயே. நிலத்தைப் பறிக்க முதலில் அண்டை உறவைப் பிரிக்கவேண்டும் என்னும் அரசியலைப் படம் துல்லியமாகக் காட்டுகிறது.

எனினும் ‘காலா’வும் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. உரிமைக் குரல் பலருடையதாயினும் அது ஒலிப்பது ஒரு தலைவனின் உடல் வழியாகவே. மறுகட்டமைப்புத் திட்டத்துடன் வரும் சரினாவின் பணி, திட்டம் மறுக்கப்பட்டதும் கதையின் ஓரத்துக்குச் செல்கிறது. எந்த ஏற்பாடு வேண்டும், அதை முடிவுசெய்யும் அவை எது என்னும் வினாக்களுக்குப் படம் விடை தேடவில்லை. குயவர் குடியிருப்பைப் போன்ற பிறமொழியாளர் உலகமும் பின்னணி அளவிலேயே அமைகிறது.

முடிவுரை

கொடையிலிருந்து உரிமைக்கு நகர்ந்ததே முப்பத்தோராண்டு இடைவெளியில் இவ்விரு படங்களும் காட்டும் வளர்ச்சி. உரிமையை நிலைநிறுத்தும் நிறுவனங்களைக் கற்பனை செய்யாமை இரண்டுக்கும் பொதுவான குறை. மக்களாட்சியில் இந்நிறுவனங்கள் அமைவதற்கான வாய்ப்பு மிகுதி. ஆயின் அவை தாமே அமைவதில்லை. இது வெறும் கலைக் குறை அன்று. தாராவி மறுகட்டமைப்புக்கான ஏலத்தில் 2022-இல் அதானி குழுமம் வென்றது. 2000 ஜனவரி 1-க்கு முன்னர்த் தரைத்தளத்தில் குடியிருந்தோர்க்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு என்பது விதி. பின்வந்தோரும் மேல்தளத்தில் வாழ்வோரும் வெளியே செல்ல நேரும். விதி மொழியையோ சமயத்தையோ சுட்டவில்லை. ஆயினும் கோயிலும் பள்ளிவாசலும் தெருவும் சேர்ந்து உருவாக்கிய அண்டை வாழ்வு ஒரு தேதியால் பிரிக்கப்படலாம். எனவே பன்மைச் சமூகம் தழைக்குமா என்பதை அறிய, ஆட்சிமுறையின் பெயரைக் காட்டிலும், அங்குக் குடியிருப்போர் யார் என்பதை வரையறுப்பவர் யார் என்று வினவுவதே பொருத்தமானதாகும்.